அப்பாவுக்கு ஒரு பத்தி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறேன், நீயும் மாப்பிள்ளையும் அங்கே அப்படியே இருக்க வேண்டும். குளிர் அதிகம் என்றாயே, காதை மூடிக்கொண்டு வெளியே போ. சமையலறைக் குழாய் ஒழுகியதைச் சரிசெய்தாயிற்று. மாடியில் குடியிருந்தவர்கள் காலி செய்துவிட்டார்கள், வீடு சத்தமில்லாமல் கிடக்கிறது, அது நல்லதா கெட்டதா என்று யோசிக்கக்கூடத் தோன்றவில்லை. அப்பா போனதிலிருந்து எல்லாமே அப்படித்தான், பசித்தால் சாப்பிடுகிறேன், விடிந்தால் ஆபீஸ் போகிறேன். சித்தப்பா உனக்குப் போன் செய்வதற்குள் ஒரு விஷயத்தை நானே சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

அகராதி விஷயம்தான். நாட்டில் வாழ்ந்து மறைந்தவர்களின் வாழ்க்கையை அகரவரிசையில் தொகுக்கும் அந்த வேலையை அப்பா நாற்பது வருஷமாகத் தலைமையேற்று நடத்தியதும், நான் பக்கத்து மேஜையில் பிழை திருத்தியதும் உனக்குத் தெரியும். செத்தவர்களுக்குத்தான் அதில் இடம் என்பதால் ஆபீசில் அவருக்குச் சித்திரகுப்தன் என்றே பெயர். ஒரு கல்யாணத்தில் வயதான மல்யுத்த வீரர் ஒருவரிடம் அப்பா போய்ப் பிறந்த தேதியைக் கேட்க, அவர், இப்பவே என்ன அவசரம் என்று பந்தியை விட்டே எழுந்துபோனார். கடைசித் தொகுதி இப்போது அச்சுக்குப் போகிறது. விட்டுப்போனவர்களுக்காகப் பின்னிணைப்பு ஒன்றும் சேர்க்கிறார்கள், அதில் அப்பாவுக்கும் ஒரு பத்தி வேண்டும் என்று, நானும் இருக்கிற ஆசிரியர் குழுவின் போன மாதக் கூட்டத்தில் பேச்சு வந்தது. அகராதியில் வேலை செய்தவர் யாரும் அகராதிக்குள் வரக்கூடாது என்பது அவரே போட்ட விதி. நம் கழுத்துக்கு நாமே மாலை போட்டுக்கொள்வதா என்பார். குழுவில் பாதிப் பேர் விதியைத் தளர்த்தலாம் என்றார்கள், பாதிப் பேர் கூடாது என்றார்கள், கடைசியில் என் ஓட்டுதான் மிச்சம். வேண்டுமானால் நீங்கள் ஒதுங்கிக்கொள்ளலாம் அம்மா என்று தலைவர் தன்மையாகத்தான் சொன்னார். நான் ஒதுங்கவில்லை. வேண்டாம் என்று கை தூக்கினேன்.

அதற்கு முன் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். உதவியாசிரியர் எழுதி வைத்திருந்த பத்தியை என்னிடம் கொடுத்திருந்தார்கள். பிறந்தார், படித்தார், தொகுத்தார், ஆஸ்பத்திரியில் காலமானார் என்று இருந்தது. எனக்கு அழுகை வரவில்லை, பிழைதான் கண்ணில் பட்டது. ஆஸ்பத்திரி இல்லை, போகிற வழியில், டாக்சியில், என் தோளில் சாய்ந்தபடி. சிவப்புப் பேனாவை எடுத்து ஆஸ்பத்திரியை அடித்து, வழியில் என்று எழுதினேன், ஒற்றுப்பிழை ஒன்றையும் திருத்தினேன்.

கூட்டம் நடந்த மறுநாளே சேதி கேட்டுச் சித்தப்பா வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடி, "ஊர்ல செத்தவனுக்கெல்லாம் எங்கண்ணன் எடம் குடுத்தாரு. அவருக்கு ஒரு பத்தி குடுக்க உங்களுக்கு மனசு வரலையா அண்ணி?" என்றார். விதி என்று சொல்லி வைத்தேன். அதன் பிறகு பேசுவதை நிறுத்திவிட்டார். ஆனால் கோபத்திலும் வராமல் இருக்கவில்லை, தினமும் சாயங்காலம் வருவார், அப்பா உட்காரும் நாற்காலியை விட்டு மற்றதில் உட்காருவார், டீயைக் குடித்துவிட்டு வாய் திறக்காமல் போவார்.

நேற்று அவருக்கு டீ வைத்துவிட்டு நானாகவே சொன்னேன். "விதின்னு சொன்னது பொய்யில்ல. ஆனா அது மட்டும் இல்ல. மத்தவங்களுக்கு எழுதறப்ப, ஆச்சு, இவர் கதை முடிஞ்சுதுன்னு அடுத்தவர எடுப்போம். உங்கண்ணனுக்கு அப்படி முற்றுப்புள்ளி வைக்க என்னால முடியல." அவர் எழுந்துபோய்த் தன் தம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்தார், இந்த வீட்டில் அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

உனக்கும் என்மேல் வருத்தம் இருக்கலாம், இருந்தால் மனதில் வைத்துக்கொள்ளாமல் திட்டி எழுது. மாப்பிள்ளையை அந்த முதுகுவலிக்கு டாக்டரைப் பார்க்கச் சொல், வேலை இருக்கிறது என்று இரண்டு பேரும் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதீர்கள். நீங்கள் ஒரு குறையுமில்லாமல் நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும். சித்தப்பா போன் செய்தால் எதிர்த்துப் பேசாதே. நேற்று வாசல்வரை போய், திரும்பிப் பார்க்காமலேயே, "நாளைக்கு வரேன் அண்ணி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆசிகளுடன்,
உன் அம்மா