வெள்ளைவிழியில் நீலம்

நியாலாஸ் தோட்டம்,
3-11-1935

அன்புள்ள அப்பாவுக்கு,

பெரியநாயகி வணக்கத்துடன் எழுதுவது. சுகம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும். எழுதிவிட்டேன்.

இங்கே விடாத மழை. ரப்பர்ப் பால்மரம் வெட்டப் போகாத நாளுக்குச் சம்பளமில்லை.

உங்கள் பேரன் நாகமுத்துவுக்கு மறுபடியும் கால் முறிந்துவிட்டது. யாரும் தள்ளவில்லை. வேலைக்குப் போகையில் பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக் கொட்டகையில் எழுந்து நின்றான், முறிந்தது. போன தடவைகளைப் போலவே உங்கள் மருமகனைப் பெற்ற அத்தை லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லிவிட்டார்கள்: "பெத்தவளே புள்ளய அடிச்சு ஒடிக்கிறா." குழாயடியில் என்னைக் கண்டால் பெண்கள் தங்கள் பிள்ளைகளை இழுத்துக்கொள்கிறார்கள். உங்கள் மருமகன் ஒன்றும் கேட்காமல் என்னை அடித்தார்.

இம்முறை மலாக்கா ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். டாக்டர் காலைப் பிறகுதான் பார்த்தார். முதலில் கண்ணை. சன்னலருகே தூக்கிப்போய் இமையை விலக்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு உங்கள் மருமகனை அதே வெளிச்சத்தில் நிறுத்தினார். வெள்ளை இருக்க வேண்டிய இடம் இருவருக்கும் நீலம். நான்கு வருடமாய் அந்த முகத்துக்குச் சோறு வைக்கிறேன். அழகு என்றுதான் நினைத்திருந்தேன்.

சின்ன வயதில் எலும்பு முறிந்ததுண்டா என்று டாக்டர் கேட்டார். ரம்புத்தான் மரத்திலிருந்து விழுந்தேன் என்றார் இவர். எத்தனை மரத்திலிருந்து என்று டாக்டர் கேட்டார். இவர் கூட வந்திருந்த அத்தையைப் பார்த்தார்.

பிறவியிலேயே பலமில்லாத எலும்பாம். தகப்பன் வழி வந்ததாம். மருந்தில்லை. தாய்மேல் குற்றமில்லை என்பதை அங்கே மருந்து கட்டும் டிரெசர் இரண்டு தடவை தமிழில் சொன்னார்.

திரும்பும்போது லாரியில் அத்தை, "ஆம்பளப் புள்ளைக்கு ஒரு கொறைன்னா ஊரக் கூட்டியா சொல்லுவாங்க? வாய மூடிக்கிட்டு இரு லா" என்றார்கள். மறுநாள் குழாயடியில் பழைய பேச்சே.

அப்பா, தை மாதம் தங்கை மங்களத்தைக் கட்டப்போகும் என் கொழுந்தன் வீராசாமிக்கும் அதே கண். பகலில் வரச்சொல்லி வெளிச்சத்தில் உட்கார வைத்துப் பாருங்கள். அவருக்கும் கை முறிந்திருக்கிறது. சைக்கிளில் விழுந்தது என்பார்கள். கலியாணத்தை நிறுத்துங்கள். ஜாதகம் ஒத்துவரவில்லை என்று சொல்லுங்கள். நான் எழுதியதாகத் தெரிய வேண்டாம். தெரிந்தால் என்னை அனுப்பிவிடுவார்கள், பிள்ளையை அனுப்பமாட்டார்கள். அவனை வலிக்காமல் தூக்கத் தெரிந்தவள் இங்கே நான் ஒருத்திதான்.

என்னை அழைத்துப்போகவும் வர வேண்டாம்.

எனக்கு இது நான்காம் மாதம். அம்மாவிடம் சொல்லுங்கள். பிறக்கப் போவதை நீங்கள் இருவரும் ஆசீர்வதியுங்கள். எனக்கு வாய் வரவில்லை.

தங்கள் மகள்,
பெரியநாயகி