கறுப்புத் திரையைத் தொடாதே

கரடி,

ஓடுகிறது! நம் கம்ப்யூட்டரின் மெமரி, அது வந்த பெட்டியில் போட்டிருந்த முழு வேகத்தில் ஓடுகிறது! அந்தக் குஷியில் பிராசஸரையும் கொஞ்சம் முடுக்கிவிட்டேன். நேற்றுவரை நான் குளித்து, தலை துவட்டி வந்த பிறகும் முடியாமல் இழுத்த வீடியோ சேமிக்கும் வேலை, இன்று சோப்புப் போடும்போதே முடிந்து மணி அடித்துவிட்டது. ஈரத் துண்டோடு ஹாலில் ஒரு ஆட்டம் போட்டேன். கீழ்வீட்டுக்காரர் என்ன சத்தம் என்று கேட்டால், எலி என்று சொல்லிவிடு.

மதியம் நீயும் உன் அக்காவும் வருவதாக அக்கா போனில் சொன்னார். சாவி பக்கத்து வீட்டில் இருக்கிறது. சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன், இருவருக்கும் போதும். டேபிள் ஃபேன் கம்ப்யூட்டர் சூடாகாமல் இருக்க. உன் பக்கம் திருப்பினால் கொன்றுவிடுவேன்.

அக்காவுக்கு ஏதோ பிரிண்ட் வேண்டுமாம், எடுத்துக் கொடு. ஆனால் ஒவ்வொரு முறை பட்டனை அழுத்தும்போதும் திரை சில நிமிடம் கறுப்பாகவே இருக்கும். அது சாகவில்லை, மெமரி புது வேகத்துக்குப் பழகிக்கொண்டிருக்கும். நேற்று நீ "ஐயோ, போச்சு!" என்று பிளக்கைப் பிடுங்கியதில்தான் நான் வைத்த செட்டிங் எல்லாம் அழிந்துபோனது. இன்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்.

பி.கு.: நேற்று நான் பேசாமல் இருந்ததும் அதே மாதிரிதான். எனக்கும் சில நிமிடம் ஆகும். "சரி வா, சாப்பிடலாம்" என்று சொல்ல நான் வாயைத் திறந்தபோது, நீ தலையணையோடு அக்கா வீட்டுக்குக் கிளம்பிப் போயிருந்தாய்.

இடம் போதவில்லை, ஓரத்தில் எழுதுகிறேன்: தலையணையைக் கொண்டுவந்துவிடு.