கைநாட்டுக்காரியின் கையெழுத்து

அக்கா,

இன்று காலை நம் பள்ளியின் முதலுதவி அறைப் பக்கம் போனேன். புதிதாக வந்திருக்கும் ஆயா ஒரு பெண்ணுக்கு ஓமத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த வாசனை என் அலுவலக மேசை வரை கூடவே வந்தது. நீங்கள் இங்கே ஆயாவாக இருந்தபோது அதைக் கொடுத்ததைத்தான் உங்கள் மேல் குற்றமாக எழுதினார்கள். "அனுமதியின்றி மாணவிகளுக்கு மருந்து கொடுத்தார்." அந்த வரியை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன்.

ஆயா என்றால் மணி அடிப்பது, கழிப்பறை கழுவுவது, டீ வாங்கி வருவது. பள்ளி உங்களுக்குக் கொடுத்த வேலை அவ்வளவுதான். ஆனால் எந்தப் பெண் சாப்பிடாமல் வந்திருக்கிறாள், எவள் அழுதுவிட்டு வந்திருக்கிறாள் என்பது வகுப்பாசிரியர்களுக்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும். "மொகத்தப் பாத்தா தெரியாதாம்மா" என்பீர்கள். மாணவர் ஆலோசனைக்கென்று ஒரு தொலைபேசி எண் சுவரில் ஒட்டியிருந்தது. பிள்ளைகள் அதைத் தாண்டி உங்களிடம்தான் வந்தார்கள்.

ஒன்பதாம் வகுப்பு சுகன்யாவும் அப்படி வந்தவள்தான். முழு ஆண்டுத் தேர்வு முடியும் சமயம். தினமும் வயிற்றுவலி என்று வந்து படுத்துக்கொள்வாள். ஐந்தாவது நாள் நான் பதிவேட்டோடு வாசலில் நின்றபோது நீங்கள் அவளிடம் கேட்டீர்கள்.

"வலி வயித்துலதானா, வேற எங்கிட்டுமா?"

எழுந்து உட்கார்ந்தாள். "ஹெச்.எம். சாரு டி.சி. வாங்கிட்டுப் போகச் சொல்றாரு ஆயாம்மா. நான் பத்தாவது எழுதுனா ஸ்கூல் ரிசல்ட் போயிருமாம்."

அன்று சாயங்காலமே இலுப்பூர் பஸ் ஏறி அவள் வீட்டுக்குப் போனீர்கள். அவள் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. "எந்தப் பேப்பர நீட்டுனாலும் பெருவெரல வச்சுராத ஆத்தா" என்று சொல்லிவிட்டு வந்தீர்கள். அந்த அம்மாவும் வைக்கவில்லை.

மறுவாரம் தலைமையாசிரியர் உங்களை ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னாலும் நிறுத்தினார்.

"கக்கூஸ் கழுவச் சொன்னா கவுன்சிலிங்கா குடுக்குற?"

"புள்ள படிக்கட்டும்னு சொன்னேன் சார். வேற ஒண்ணும் சொல்லல."

யாரும் தலை நிமிரவில்லை. நானும்தான். ஓமத்தண்ணீரைச் சாக்காக வைத்து உங்கள் பணிநீக்க ஆணையை அவர் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். "நன்னடத்தை இல்லை" என்ற இடத்தில் என் விரல் நின்றது. நீங்கள் பக்கத்தில் நின்றபடி, "டைப் பண்ணும்மா, ஒன் வேலதானே" என்றீர்கள்.

பிறகு விராலிமலையில் ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவப் போனீர்கள். ஐப்பசி மழையில் ஒருநாள் நெஞ்சுவலி வந்து போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். நான் விடுப்புக் கேட்டதற்கு, "ஆயா செத்ததுக்கெல்லாமா லீவு?" என்றார் அந்த ஆள். விண்ணப்பத்தை அவர் மேசையிலேயே போட்டுவிட்டு வந்தேன். உங்களைத் தூக்கிக்கொண்டு போனபோது நான் அழவில்லை அக்கா. அவரை என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மூன்று வருடம் காத்திருந்தேன். இந்த வருடம் அவர் நல்லாசிரியர் விருதுக்கு விண்ணப்பித்தார். நூறு சதவீதத் தேர்ச்சியைச் சரிபார்க்க ஓர் அதிகாரி வந்தார். அவர் கேட்ட கோப்புகளுக்கு மேலே, அவர் கேட்காத டி.சி. கோப்பையும் வைத்தேன். அதில் பதினொரு பெற்றோர் கொடுத்ததாகப் பதினொரு விண்ணப்பங்கள். எல்லாம் ஒரே ஆளின் எழுத்து. சுகன்யாவின் அம்மா பெயருக்குக் கீழே அழகான கையெழுத்து. உங்களை வேலையை விட்டு நீக்கிய பிறகு தலைமையாசிரியர் அப்படித்தான் அவளை வெளியே அனுப்பியிருந்தார். அவள் நூற்பாலைக்குப் போய்விட்டாள்.

"இந்தம்மா கைநாட்டு சார். அட்மிஷன் ஃபாரத்தையும் பாத்துருங்க" என்றேன். வேறு எதுவும் சொல்லவில்லை.

விருது போனது. பணி ஓய்வு பெற வேண்டிய நாளில் தற்காலிகப் பணிநீக்க ஆணை வந்தது. வழியனுப்பு விழாவுக்கு வாங்கிய சால்வைகள் பிரிக்காமல் கிடந்தன. அன்று மதியம் நான் வயிறாரச் சாப்பிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன். தண்ணீர் கொடுக்கவில்லை.

"அந்த லெட்டரெல்லாம் பேரன்ட்ஸே கொண்டாந்து குடுத்தாங்கன்னு ஒரு வார்த்த சொல்லும்மா."

"ஆயாக்காவுக்குப் போட்ட ஆர்டர் பொய்யின்னு எழுதிக் குடுங்க சார். அப்புறம் பேசலாம்."

"செத்துப்போனவளுக்கு அது எதுக்கும்மா?"

எழுந்து கதவைத் திறந்துவிட்டேன். நீங்களாக இருந்தால் ஒரு வாய் காப்பியாவது கொடுத்துத்தான் அனுப்பியிருப்பீர்கள். என்னால் முடியாது. முடியவேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை.

போன வாரம் விசாரணை. சுகன்யா ஆலையில் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு அம்மாவோடு வந்திருந்தாள். இரண்டு பேரும் நடந்ததை நடந்தபடி சொன்னார்கள். தனித்தேர்வராகப் பத்தாவது எழுதப் போகிறாளாம். கடைசியாக என்னைக் கூப்பிட்டார்கள். உங்கள் ஆணையைக் காட்டி, இதைத் தட்டச்சு செய்தது யார் என்று அதிகாரி கேட்டார்.

"நான்தான் சார். பொய்யின்னு தெரிஞ்சேதான் டைப் பண்ணேன். அதையும் எழுதிக்கங்க."

அவர் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். பிறகு எழுதினார்.

எனக்கும் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும் என்கிறார்கள். வரட்டும் அக்கா. அந்த ஆள் மேல் வைத்திருந்த கோபத்தில் பாதி என் மேல் இருந்ததுதான். அவர் பங்கைக் கொடுத்து முடித்துவிட்டேன். என் பங்கு இன்னும் என்னிடமே இருக்கிறது.