பீரங்கித் தீவில் நான் காத்த காவல்

10 செப்டம்பர் 2025, புதன்

திருத்தணிப் பெருமக்களுக்கு ஓர் அறிவிப்பு: டேவிட்சன் ஆகிய எனக்கு மீசை அரும்பிவிட்டது. அம்மா அழுக்கு என்று நினைத்துத் துடைத்துப் பார்த்தாள்.

மற்ற செய்தி: சனிக்கிழமை எங்கள் சர்ச் வாலிபர் சங்கம் பழவேற்காடு போகிறது. முதலில் டச்சுக்காரன் கல்லறை, அப்புறம் படகில் ஒரு தீவு. அங்கே மண்ணில் பாதி புதைந்த பீரங்கியும், உலகப்போர் காலத்தில் சிப்பாய்கள் பதுங்கிய பங்கரும் இருக்கிறதாம். என் கூட்டாளி நேசகுமாருக்குக் குஷியில் சோறு இறங்கவில்லை. அரக்கோணத்து நேவி விமானம் தலைக்கு மேல் போனாலே சல்யூட் அடிக்கிறவன் என் நேசன்.

டச்சுக்காரனோடு நமக்கு டச் விட்டுப்போய் இருநூறு வருஷம். நான்தான் புதுப்பிக்க வேண்டும்.

12, வெள்ளி

திட்டம் தயார். நான் பங்கருக்குள் ஒளிந்துகொள்வேன். ‘உள்ள ஏதோ முனகுது’ என்று நேசன் எல்லாரையும் கூட்டிவருவான். சிப்பாய்ப் பேயாகப் பாய்வேன். எங்கள் சங்கத்து டெபோரா அலறியே தீருவாள்.

நேசன் சிரிக்காமல், ‘ஆங், செய்யலாம்’ என்றான்.

13, சனி

வரவில்லை. ஒருத்தரும் வரவில்லை. அது பங்கர் இல்லை, பயங்கர். ஒரே வௌவால் நாற்றம். வெளியே வந்து பார்த்தால் — படகு நடு ஏரியில்!

எங்களைக் கூட்டிவந்த எலியாஸ் அண்ணன் படகில் தலையை எண்ண மாட்டார். சங்க வழக்கப்படி பெயரைக் கூப்பிடுவார். அவரவர் தங்கள் வசனத்தைச் சொல்ல வேண்டும். என்னுடையது பைபிளிலேயே சின்னது: ‘இயேசு கண்ணீர் விட்டார்.’ நான் கிரிக்கெட்டுக்கு நழுவும் ஞாயிறுகளில் அதை என் குரலில் சொல்ல நேசனைப் பழக்கியவனே நான்தான். இன்றைக்கும் சொல்லியிருக்கிறான். பாவி! நான் தீவில் நிற்கிறேன், என் குரல் படகில் போகிறது.

கரை சேர்ந்த பிறகு என் பை அநாதையாகக் கிடப்பதை டெபோராதான் பார்த்தாளாம். எலியாஸ் அண்ணன் மட்டும் திரும்பி வந்தார். நேசன் வரவில்லை.

ஊர் திரும்பும் வேனில் எல்லாரிடமும் சொன்னேன்: பீரங்கி மேல் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து தீவைக் காவல் காத்தேன் என்று.

14, ஞாயிறு

சர்ச் வாசலில் நேசனைப் பிடித்தேன். ‘ஏன்டா செஞ்ச?’

‘போன மாசம் நேவி ஆபீசர் மாதிரி போன்ல பேசி, பிளேனைச் சுத்திக் காட்டறேன்னு வரவெச்சு, அரக்கோணத்துல நேவி கேட்டாண்ட வெயில்ல நிக்க வெச்சியே? எங்க நைனா வேலைக்கு லீவு போட்டுட்டு கூட நின்னுகினு இருந்தாரு. நீ சிரிச்ச.’

‘அது விளையாட்டுடா!’

‘நீ செஞ்சா விளையாட்டு, நான் செஞ்சா துரோகமா? போடா.’

15, திங்கள்

பேசவில்லை. அவனும்.

இருக்கட்டும். அதுக்காகத் தீவுலயா விட்டுட்டு வருவான்? சுத்தி தண்ணி. எனக்கு நீச்சல் தெரியாது, அது அவனுக்கு மட்டுந்தான் தெரியும். தெரிஞ்சே விட்டுட்டான்ல?

18, வியாழன்

பீரங்கிக் கதை பள்ளிக்கூடம் முழுக்கப் பரவிவிட்டது. பரப்பியவன் நானே. இங்கே மட்டும் உண்மையை எழுதுகிறேன்.

பீரங்கி மேல் உட்காரவே இல்லை. முழங்கால் தண்ணீரில் நின்று, சட்டையைக் கழற்றி ஆட்டி, மூக்கு ஒழுக அழுதேன். அங்கே சேற்றில் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்த ஓர் அம்மா ஓடிவந்து முகத்தைத் துடைத்துவிட்டார்.

‘நேசா, நேசான்னு அப்படிக் கத்தினியே, யாரு கண்ணு அது? கூடப் பொறந்தவனா?’

ஆங் என்று சொல்லிவிட்டேன்.