ராஜசுழிக் காளைக்குள் இருந்தது

மாப்ளே,

இன்று உடுமலை கால்நடை முகாமில் ஒரு சின்னப் புத்தகம் கொடுத்தார்கள். முதியோர் வகுப்பில் எழுத்துக் கூட்டப் பழகியதிலிருந்து கையில் எது கிடைத்தாலும் நான் விடுவதில்லை. பேருந்துப் பலகை, உரச்சாக்கு, மாத்திரை அட்டை எல்லாம் படிக்கிறேன். அப்படி இதையும் திருப்பினேன். நடுவில் ஒரு கிருமியின் படம். பேரிக்காய் போல உடம்பு, ஒரு முனையில் சாட்டை போல மூன்று நூல், ஒரு பக்கம் அலை அலையாகத் தோல். கீழே இருந்த பெயரைப் படிக்கும் முன்பே எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. இவனை நீயும் நானும் பார்த்திருக்கிறோம்.

உன் காளையை அப்போது இந்தச் சுற்று வட்டாரத்தில் தெரியாதவர் இல்லை. திமில் மேல் யோகமான ராஜசுழி. பருவத்துக்கு வந்த மாடுகளையெல்லாம் உன் தோட்டத்துக்குத்தான் ஓட்டி வருவோம். அந்த வருடம் மாடுகள் சினை நிற்கவில்லை. நின்றவையும் இரண்டாம் மாதம், மூன்றாம் மாதம் கலைந்து, மறுபடி காளைக்குக் கத்தத் தொடங்கின. நம் ஆட்கள் என்ன செய்தார்கள்? மாட்டின் முதுகு முடியைத் தடவிச் சுழி பார்த்தார்கள். முன்பு யார் கண்ணுக்கும் படாத பாடைச்சுழி, வீட்டுக்கு ஆகாத சுழி, கரு கலைந்த மாட்டில் எல்லாம் தெரிந்தது. அடிமாட்டுத் தரகர் ஊருக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தார். என் செவலைப் பசுவுக்கும் சுழி சொல்லிவிட்டார்கள். வருகிற சந்தைக்கு ஓட்டுவதாகப் பேச்சு. என் வீட்டில் பாலுக்கு அது ஒன்றுதான்.

அப்போதுதான் மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா வந்தார். செவலையைப் பார்த்துவிட்டு நேராக உன் கட்டுத்தறிக்கு நடந்தார். நானும் பின்னால் ஓடினேன்.

"ஏனுங்க, காளையைக் கொஞ்சம் சோதிக்கோணுங்க" என்றார்.

"எதுக்குங்க? கலைஞ்சது மாட்டுக்கு. என்ற காளை தேராட்டம் நிக்கறான், கண்ணு தெரியலீங்களா?"

"காளைக்கு நோவு காட்டாதுங்க. கிருமி தோல் மடிப்புக்குள்ள சும்மா குடியிருக்கும். சேரறப்ப மாட்டுக்குப் போயிரும்."

உன் முகம் சிவந்ததை நான் பார்த்தேன். "டேய், நீதான கூட்டியாந்தே? உம்பட மாட்டுக்குக் கெட்ட சுழின்னா எங்காளை மேல பழி போடுவியா?" என்று என் பக்கம் திரும்பினாய். கையில் சாட்டை வேறு. நான் வேலிக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டுதான் பதில் சொன்னேன்: "காளையில ஒண்ணுமில்லீன்னா உனக்கென்ன மாப்ளே பயம்?"

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் நீ சம்மதித்தாய்.

குறியின் உறைக்குள் மருந்து நீர் விட்டுக் கழுவி, அதைக் குழாயில் பிடித்துக்கொண்டு போனார். முதல் தடவை ஒன்றும் அகப்படவில்லை. ஊரெல்லாம் கேட்கச் சிரித்தாய். என் மாட்டைக் காட்டி, "இன்னும் வெச்சிருக்கறயா?" என்றாய். ஒருமுறை கிடைக்காததால் இல்லை என்று ஆகாது என்றார் டாக்டரம்மா. மறுபடி எடுத்தார். சந்தைக்கு முந்தின நாள் நம் இருவரையும் ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார். போகும் வழியெல்லாம் நீ எனக்கு நாலடி முன்னால் நடந்தாய்.

நுண்ணோக்கியில் நீதான் முதலில் குனிந்து பார்த்தாய். வெகுநேரம் நிமிரவில்லை. பிறகு நான் பார்த்தேன். வெளிச்ச வட்டத்துக்குள் அவை துடித்துத் துடித்து உருண்டன. "இதுவா?" என்றாய்.

அன்று டாக்டரம்மா சொன்னது பாதிதான் விளங்கியது. இன்று ஒவ்வொரு எழுத்தாகப் படித்து மீதியும் விளங்கிவிட்டது, மாப்ளே. எனக்கு எத்தனை சந்தோஷம் தெரியுமா? அந்தக் கிருமியின் மேல் சர்க்கரையும் கொழுப்பும் சேர்ந்த மூலக்கூறுகள் பூச்சு போல இருக்கின்றன. அதைக் கொண்டுதான் அது கருப்பைச் சுவரின் செல்லைப் பற்றிக்கொள்கிறது. பற்றியதும் நொதிகளை வெளியே விடுகிறது. நொதி என்பதும் ஒரு புரதம்தான், ஆனால் அது மற்றப் புரதங்களை வெட்டும். செல்லும் செல்லும் ஒட்டியிருக்கும் இடம் விட்டுப்போகிறது. மாட்டின் உடம்பு காவலுக்கு அனுப்புகிற எதிர்ப்புப் புரதங்களையும் அதே நொதி துண்டாக்கிப் போடுகிறது. சுவர் வீங்கிப் புண்ணாகிறது. உள்ளே பிடித்த கருவுக்கு நிற்க இடமில்லை. இதில் சுழி எங்கே வருகிறது, சொல்?

வயதான காளைக்குத் தோல் மடிப்பு ஆழமாம். ஒருமுறை குடியேறினால் அது போவதில்லை. மாட்டுக்குச் சில மாதம் ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் தானே தேறிவிடும். அதையும் அன்றைக்கே சொன்னார் டாக்டரம்மா.

"காயடிச்சுப்போடுங்க" என்றாய். "வண்டிக்குப் பழக்கிக்கறனுங்க."

நான் உன் தோளைத் தொட வந்தேன். தட்டிவிட்டாய். "அக்கட்டால போடா. நாளைக்குச் சந்தை. அதுக்குள்ள ஊடு ஊடாப் போகோணும்."

அன்று பொழுது இறங்குவதற்குள் நீ ஏறாத வாசல் இல்லை. ஒவ்வொரு வாசலிலும் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு அதையே சொன்னாய்: "குத்தம் எங்காளைகிட்டத்தானுங்க. மாட்டை வித்துப்போடாதீங்க." உன்னை வைதவர்கள் உண்டு. கதவைச் சாத்தியவர்களும் உண்டு. மறுநாள் தரகர் வெறுங்கயிற்றோடு போனார். ஓய்வுக்குப் பிறகு செவலைக்குச் சினை ஊசி போட்டோம், கன்றும் ஈன்றது. நீ வந்து பார்த்துவிட்டு, "மூஞ்சி உன்னையாட்டமே இருக்குது" என்று சொல்லிப் போனாய்.

போன மாதம் கணபதியில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். பேரனுக்குக் கல்யாணமாகிச் சில வருடம் ஆகியும் குழந்தை இல்லை. அவன் மனைவி தலை குனிந்து காபி கொடுத்துக்கொண்டிருந்தாள். "அம்மணிய இன்னொரு டாக்டர்கிட்டக் காட்டோணுமுங்க" என்றாள் என் மருமகள்.

"பேரனையும் கூட்டிட்டுப் போங்க" என்றேன்.

"அவனுக்கென்னுங்கப்பா? ஜிம்முக்கெல்லாம் போறான்" என்றான் மகன்.

"அதனாலதான் சொல்றேன். மொதல்ல அவனைப் பாருங்க."

அந்தப் பெண் முதல் தடவையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கடைசியில் பேரன்தான், "நாளைக்குப் பட்டறைக்கு லீவு உட்டுப்போட்டு நானும் வாரேன்" என்றான்.

எனக்கு இந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று மகன் கேட்டான். உன் பெயரைச் சொன்னேன். காளையைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை.