சத்தம் வராத விசில்

மாப்ளே,

இன்று சாயங்காலம் மைதானத்தில் கடிகாரம் பார்க்க உட்கார்ந்தவர் வாய் நிறைய வெற்றிலை போட்டிருந்தார். புகையிலையும் சுண்ணாம்பும் கலந்த அந்த வாசனை வந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்ன விஷயம் என்று கேட்டார். சேர்ந்து சிரிக்க நீ இல்லாதபோது அவரிடம் எங்கிருந்து ஆரம்பிப்பது? குழாயடிக்குப் போய் விசிலை இன்னொரு தடவை கழுவிக்கொண்டு வந்தேன். இப்போதெல்லாம் நான்தான் நடுவர்.

அப்போது திண்டுக்கல்லில் நாம் பார்த்த கூடைப்பந்து மைதானம் ஒன்றே ஒன்று. அதுவும் வக்கீல்களும் அதிகாரிகளும் கூடுகிற கிளப்புக்குள். வருஷத்துக்கு ஒரு போட்டி. ஜெயிக்கிற அணி வருஷம் பூராவும் அங்கே விளையாடலாம் என்பது வழக்கம். அவர்களே நடத்தி, அவர்களே ஜெயித்து, அவர்களே விளையாடினார்கள். ஆள் குறைந்த ஒரு வருஷம், தோல் ஷாப்பில் தோல் ஊறவைக்கிற நம்மையும் கூப்பிட்டார்கள்.

தாலுகா ஆபீஸ் அதிகாரி ஒருவர்தான் கிளப் அணிக்குத் தலைவர். கையை நன்றாகக் கழுவிவிட்டு வரச் சொன்னார், பந்தில் நாற்றம் ஒட்டிக்கொள்ளுமாம். நீ அந்தத் தோல் பந்தை வாங்கி மோந்து பார்த்துவிட்டு, "இது நம்ம ஊரு மாடுதான் சார், ஒண்ணும் பண்ணாது" என்றாய். வேலிக்கு வெளியே நின்ற கூட்டம் அப்போதே நம் பக்கம் வந்துவிட்டது.

கடைசி ஆட்டம். ஒரு புள்ளி பின்னால் இருந்தோம். விசிலுக்கு முன்னால் கையை விட்டுப் போன பந்து விழுந்தால் செல்லும். நீ பாதி மைதானத்திலிருந்து எறிந்தாய், விழுந்தது. வருஷம் பூராவும் மைதானம் நமக்குத்தான் என்று நான் துள்ளிக்கொண்டிருந்தேன். நடுவர் முதலில் தலைவரின் முகத்தைப் பார்த்தார். பாவம், அதே ஆபீசில் தலைவருக்குக் கீழே வேலை பார்க்கிற குமாஸ்தா. பிறகு கூடை செல்லாது என்றார். அதற்கு முன்பே ஊதிவிட்டாராம்.

"எங்க காதுல விழலையே சார்" என்றேன்.

"ஊதினேன் தம்பி. சத்தம் வரலை."

நீ கோபப்படவே இல்லை. "இப்ப ஊதுங்க, பாப்போம்" என்றாய். மனிதர் வாயில் வெற்றிலையை அடக்கிக்கொண்டே விசிலைக் கடித்து மூச்சைப் பிடித்து ஊதினார். சத்தம் வரவில்லை, சிவப்புச் சாறு வந்தது. எதிரே நின்ற தலைவரின் வெள்ளைச் சட்டை முழுக்கத் தெறித்தது. தாடிக்கொம்பிலிருந்து கத்தரிக்காய் ஏற்றி வந்த வண்டிக்காரர் சிரித்துச் சிரித்து வேலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

ஆனாலும் தீர்ப்பு மாறவில்லை. கோப்பையும் மைதானமும் அவர்களுக்கே. குமாஸ்தாவை அடிக்கப் போன என்னை நீ இழுத்து நிறுத்தினாய்.

"விடுறா. அந்தாளு நாளைக்கு ஆபீசுக்குப் போகணும்ல."

யார் மேல் கோபப்பட வேண்டும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் பிடிபட்டது.

பிறகு ஷாப்புக்குப் பின்னால் நாமே ஒரு மைதானம் போட்டோம். புழுதி அடங்கட்டும் என்று, தோல் ஊறி முடிந்த ஆவாரம்பட்டைச் சக்கையைக் கொட்டிப் பரப்பினோம். மெத்தை மாதிரி இருந்தது. பந்தைத் தட்டினால் அப்படியே உட்கார்ந்துகொண்டது, எழும்பவே இல்லை. அம்புட்டையும் திரும்ப வாரிக் கொட்டியதில் இடுப்பு ஒடிந்தது.

முதல் ஆட்டத்துக்குக் கிளப் அணியைக் கூப்பிட்டாய். நடுவராக அதே குமாஸ்தாவை அழைத்தபோது உனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றே நினைத்தேன். நீயே செம்பில் தண்ணீர் கொடுத்து அவரை வாய் கொப்பளிக்கவைத்தாய். சந்தையில் வாங்கிய புது விசிலைக் கையில் கொடுத்தாய்.

மறுபடியும் அதே கதை. ஒரு புள்ளி பின்னால், கடைசி நொடி, நீ எறிகிறாய். இந்தத் தடவை விசில் ஊரையே எழுப்புகிற மாதிரி கேட்டது. பந்து உன் கையில்தான் இருந்தது. பிறகுதான் பறந்து போய் விழுந்தது. நம் ஆட்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். போன தடவைக்கு இது சரியாய்ப் போச்சு, கூடையைக் கொடு என்று நானும்தான் கத்தினேன். அவர் யார் முகத்தையும் பார்க்காமல், செல்லாது என்றார்.

நீ அவருக்கு முன்னால் போய் நின்றாய். "விசில் முந்திருச்சு. என் காதுலயே விழுந்துச்சு. அவரு சரியாத்தான் சொல்றாரு, தள்ளுங்கப்பா." தோற்றுவிட்டு, பரிசு வாங்கியவன் மாதிரி அவர் தோளில் கை போட்டு டீக்கடைக்குக் கூட்டிப்போனாய். நான் ஒரு வாரம் உன்னோடு பேசவில்லை.

போன ஆடியில் வேடசந்தூர் ரோட்டில் தோல் லாரி கவிழ்ந்து நீ போனாய். ஷாப் முதலாளி உன் வீட்டுக்கு வந்து துக்கம் விசாரித்தார். லாரிக்குப் பிரேக் ஏன் பிடிக்கவில்லை என்று நான் விசாரித்தேன். இன்னும் பதில் இல்லை, நானும் விடவில்லை. நீ பத்திரமாக வைத்திருந்த அந்தச் சந்தை விசிலை உன் அம்மா என்னிடம் கொடுத்தார்கள்.

இன்றைக்கும் கடைசி நொடியில் ஒரு பந்து விழுந்தது, மாப்ளே. எறிந்தது மில் முதலாளியின் மகன். அப்பா முன்வரிசை நாற்காலியிலிருந்து எழுந்து கைதட்டினார். விசில் முந்திவிட்டது, செல்லாது என்றேன். பெரிய கூச்சல். ஆளுக்கு ஆள் என்னைத் திட்டினார்கள். நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை. காதில் விழவில்லை என்று மட்டும் ஒருத்தனும் சொல்லவில்லை. நான் ஊதிய ஊதல் நாலு ஊர் தாண்டி எரியோடு வரைக்கும் கேட்டிருக்கும்.