கறை படாத கொப்பி

இன்று காலை ஒருவர் என் மேசையில் வைத்த கொப்பியைத் திறந்ததும் நீ வந்து எதிரே உட்கார்ந்துவிட்டாய்.

இரத்தத்தில் சீனி அளவு எழுதி வைக்கும் சின்னக் கொப்பிதான். கொண்டுவந்தவர் நம்மூர் ஆள், ஐம்பதைத் தாண்டியவர், பஸ் ஓட்டுகிறார், சோதனைக்கு இரத்தம் கொடுக்க வந்திருந்தார். மூன்று மாதத்துக்குரிய காலை அளவும் மாலை அளவும் ஒரே நீல மையில், ஒரே சாய்வில், டொக்டர் ஆசைப்படுகிற ஐந்தும் ஆறுமாக அடக்க ஒடுக்கமாய் வரிசையில் நின்றன. எந்தப் பக்கத்திலும் ஒரு பொட்டு இரத்தம் இல்லை. உண்மையாகவே விரலைக் குத்திப் பார்த்து எழுதுகிறவர்களின் கொப்பி அப்படி இருக்காது. பேனை மாறியிருக்கும், எழுத்து கோணியிருக்கும், தேத்தண்ணிக் கோப்பையின் வட்டம் இருக்கும், எங்கேயாவது விரல் பட்டுக் காய்ந்த கறை ஒன்று நிச்சயம் இருக்கும். கறை படாத கொப்பி, இங்கே வரும் வழியில் ரயிலில் உட்கார்ந்து எழுதிய கொப்பி. ஒஸ்லோவின் இந்த டொக்டர் நிலையத்தில் இத்தனை வருடம் ஊசியோடு மாரடித்ததில் எனக்கு அது பார்த்தவுடன் தெரிந்துவிடும். முதலில் தெரியவைத்தவள் நீ.

நாம் இருவரும் வந்த புதிதில் திராமன் நகரில் ஓர் அறையில் இருந்து, பால் பெட்டியில் எழுதியிருப்பதை உரத்து வாசித்து நோர்வேஜிய மொழி பழகியவர்கள். நான் இரத்தப் பரிசோதனை வேலைக்குப் படிக்கப் போகிறேன் என்றபோது நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "எடி, படிச்சுப் படிச்சுக் கடைசியிலை ரத்தம் உறிஞ்சவே வெளிக்கிட்டனி?" அன்றிலிருந்து நான் உனக்கு இரத்தக்காட்டேரி. என் கலியாண வீட்டில், மாப்பிள்ளை வீட்டார் நடுவில் நின்றும் அப்படித்தான் கூப்பிட்டாய். உன் மனிசன் தலையில் கை வைத்தது எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

நாற்பது வயதில் உனக்குச் சீனி வருத்தம், நீரிழிவு, என்று தெரிந்தது. லில்லெஸ்ட்ரோமில் முதியோர் இல்லத்துச் சமையலறையில் நாள் முழுக்க நின்று வேலை செய்துவிட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை என் நாற்காலியில் வந்து இருப்பாய். ஊசியைக் கண்டால் உனக்கு வாய் மூடாது. வெண்டைக்காய் விலை, மேல்வீட்டுக்காரியின் நாய், கோயில் கூட்டத்தில் யார் யாரோடு கதைக்கவில்லை என்று ஒரே மூச்சில் சொல்லி முடிப்பதற்குள் நான் மூன்று குழாய் இரத்தம் எடுத்துவிடுவேன். "முடிஞ்சுதோ? உனக்குக் கை நல்லம் காட்டேரி" என்பாய். வருடத்தில் இரண்டு மூன்று தடவை கட்டணம் கட்டினால் போதும். அதற்குப் பிறகு அரசாங்கத்தின் அட்டை வீட்டுக்கு வந்துவிடும், மிச்ச நாளெல்லாம் இலவசம். வீட்டில் விரலைக் குத்திப் பார்க்கும் மெஷினும் ஒவ்வொரு தடவையும் புதிதாய் ஒன்று வேண்டிய அதன் ஸ்ட்ரிப்பும் அரசாங்கம் செலவை ஏற்கும் நீல மருந்துச் சீட்டில் கிடைக்கும். இவையெல்லாம் ஒரு பொருட்டாக நமக்குப் பட்டதே இல்லை. தண்ணீர்க் குழாயைத் திறப்பதுபோலத்தான் இருந்தது.

ஊரில் சண்டை ஓய்ந்து பாதை திறந்திருந்த அந்தச் சில வருடங்களில் ஒருமுறை நீ வன்னிக்குப் போய் உன் அண்ணையைப் பார்த்துவிட்டு வந்தாய். வந்த மறுநாளே, பெட்டியைக்கூடப் பிரிக்காமல், என் வீட்டு வாசலில் நின்றாய்.

"அண்ணைக்குச் சீனி வருத்தம் மாறிட்டுதாமெடி. குளிசையை நிப்பாட்டிப்போட்டார். காலிலை ஒரு புண், அது பாட்டுக்கு இருக்கு. கேட்டால் ரத்தம் சோதிச்ச துண்டைக் கொண்டுவந்து காட்டுறார், பார், எல்லாம் நோர்மல் எண்டு."

துண்டை நீ கையோடு கொண்டுவந்திருந்தாய். அளவு நன்றாகத்தான் இருந்தது. திகதியைப் பார்த்தேன். கந்தசஷ்டி முடிந்த மறுநாள்.

அண்ணை ஆறு நாளும் மிளகும் தண்ணீருமாய் விரதம் இருந்திருக்கிறார். எப்படியும் வெறும் வயிற்றோடுதானே போகவேண்டும், விரதத்தோடு விரதமாக இரத்தத்தையும் கொடுத்துவிடலாம் என்று பட்டணத்துக்கு பஸ் ஏறியிருக்கிறார். அவர் மட்டுமில்லை, அவர் வீட்டு ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், சீனி வருத்தக்காரர் எல்லாரும் வருடாவருடம் அப்படித்தானாம். ஆறு நாள் பட்டினியில் யாருக்கும்தான் சீனி இறங்கும். எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு விளக்கம் இல்லாத சனமா என்று கேட்டுவிட்டேன். நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய்.

பிறகு நீ இருந்து சொன்னாய். அதைச் சொல்லும்போது உன் குரலில் வழக்கமான பகிடி இல்லை. விடிய நாலரைக்கு பஸ். அது வராவிட்டால் அன்றைய பாடு அவ்வளவுதான். வெறும் வயிற்றோடு வரிசையில் நின்று இரத்தம் எடுக்கப் பதினொரு மணியாகும். ஆஸ்பத்திரியில் சோதிக்கிற மருந்து முடிந்திருந்தால் தனியார் ஆய்வுகூடத்தில்தான் சோதனை, அதற்கு அண்ணையின் ஒரு நாள் கூலி. பஸ் காசு வேறு. முடிவு அடுத்த நாள்தான் தருவார்கள், அதற்கு ஒரு பயணம். டொக்டர் செவ்வாய்க்கிழமைதான் வருவார், அதற்கு இன்னொன்று. நாற்று நடுகிற காலத்தில் மூன்று நாள் வயலை விட்டுவிட்டு யார் போவார்? மூன்று மாதச் சராசரியைக் காட்டுகிற பெரிய சோதனை செய்யச் சொன்னார்களாம். அதன் விலையைக் கேட்டுவிட்டு அண்ணை சிரித்துக்கொண்டே எழும்பி வந்துவிட்டாராம்.

"நீ ஒரு நிமிசத்திலை எடுக்கிறாய், நான் வெண்டைக்காய் விலை கதைக்கிறன். அங்கை அந்த ஒரு துளிக்கு மூண்டு நாள் போகுதெடி" என்றாய்.

அதன் பிறகு நீ சும்மா இருக்கவில்லை. மெஷின் ஒன்று வாங்கி, ஊருக்குப் போகிறவர் ஒருவரின் கையில் கொடுத்து அனுப்பினாய். ஸ்ட்ரிப் அனுப்பினாய். மூன்றாம் கிழமை அண்ணையிடமிருந்து தொலைபேசி வந்ததும் எனக்குப் போன் அடித்து அலறினாய். மெஷின் ஒன்பது என்று காட்டியதாம். ஊரில் நூற்றிருபது, நூற்றைம்பது என்று கணக்குச் சொல்லிப் பழகிய மனிசன், ஒன்பதுதான் இருக்கிறது, சீவன் போகப்போகிறது என்று பயந்து, இரண்டு கரண்டி சீனியை வாயில் போட்டுக்கொண்டு பாயில் படுத்துவிட்டாராம். இங்கே ஒரு கணக்கு, அங்கே ஒரு கணக்கு என்பது நம் இருவருக்கும் தோன்றவே இல்லை. உனக்குத் தோன்றாததில் பிழையில்லை. இதற்கென்று படித்த எனக்கும் தோன்றவில்லை. அன்று பின்னேரம் நான் பதினெட்டாம் வாய்ப்பாட்டை ஒரு மட்டையில் எழுதினேன். மெஷின் காட்டுவதைப் பதினெட்டால் பெருக்கினால் ஊர்க் கணக்கு, இவ்வளவுக்கு மேலே போனால் டொக்டரிடம் போகவும் என்று கீழே எழுதி, மழையில் நனையாமல் பிளாஸ்டிக் ஒட்டிக் கொடுத்தேன். "பள்ளிக்கூடத்திலை படிக்காத வாய்ப்பாட்டை அண்ணை இந்த வயசிலை பாடமாக்கப் போறார்" என்று நீ சொல்லிச் சொல்லிச் சிரித்தாய்.

ஸ்ட்ரிப் போன சின்னக் குழல்கள் வெறுமையாய் அங்கேயே கிடக்கவில்லை. யாராவது வரும்போது அவற்றில் மிளகாய் விதையும் கத்தரி விதையும் நிரப்பி அண்ணை அனுப்பினார். உள்ளே ஈரம் புகாத மூடி, விதைக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது. கோடையில் மோர்டென்ஸ்ருட்டில் உன் வீட்டுப் பல்கனியைப் பார்த்தவர்கள் இது வன்னியோ என்று கேட்பார்கள். அந்த மிளகாயில் நீ வைத்த சம்பலைத் தின்று என் கண்ணில் வழிந்த தண்ணீருக்கு அளவில்லை.

அந்தச் சந்தோசத்துக்குள்தான் உன் கொப்பி வந்தது. ஐந்து தசம் எட்டு, ஆறு தசம் ஒன்று, ஐந்து தசம் ஒன்பது. பார்த்து நான் மெச்சினேன். அன்று எடுத்த இரத்தத்தின் மூன்று மாதச் சராசரி, ஏழுக்குள் நிற்கவேண்டியது, பத்துக்கு மேலே வந்தது. இரண்டாம் தரமும் போட்டுப் பார்த்தேன். அதே பத்து. அடுத்த முறை நீ வந்து நாற்காலியில் இருந்ததும் நான் ஊசியை எடுக்கவில்லை. உன் கையைப் பிடித்து விரல் நுனிகளைத் திருப்பிப் பார்த்தேன். அடுப்புச் சுட்ட வடு இருந்தது, வெங்காயம் வெட்டிய கோடு இருந்தது, குத்திய அடையாளம் ஒன்றுகூட இல்லை.

"ஸ்ட்ரிப் எல்லாம் எங்கை?"

நீ வெண்டைக்காய் விலையைத் தொடங்கினாய்.

"எங்கையெண்டு கேக்கிறன்."

"அண்ணைக்கு எண்டுதான் தொடங்கினது. பிறகு பக்கத்து வீட்டு மனிசி கேட்டவ. பிறகு அவவின்ரை தம்பி. இப்ப அந்த ஒழுங்கையிலை ஏழு பேர் பாக்கினம். மாட்டன் எண்டு ஆருக்கடி சொல்லுறது?"

"அப்ப உனக்கு?"

"எனக்கென்ன, நீ இருக்கிறாய்தானே. மூண்டு மாசத்துக்கொருக்கா உறிஞ்சிப் பாக்கிறாய்."

சத்தம் போட்டேன். உன்னை விசரி என்றேன், இன்னும் என்னென்னவோ சொன்னேன். டொக்டரிடம் சொல்லப் போகிறேன் என்று எழும்பினேன். நீ என் வெள்ளைச் சட்டையின் நுனியைப் பிடித்துக்கொண்டாய். "சொல்லாதை. சொன்னால் ஸ்ட்ரிப் தாறதை வெட்டிப்போடுவினம். ஏழு பேரடி." நான் இருந்துவிட்டேன். நான் செய்ததில் எனக்கு மன்னிப்புக் கிடைக்காத காரியம் அது ஒன்றுதான். சராசரியைப் பார்த்த டொக்டர் குளிசையைக் கூட்டினார், சாப்பாட்டைக் குறைக்கச் சொன்னார். அழகான உன் கொப்பியைப் பார்த்துக் குழம்பினார். நான் பக்கத்தில் நின்றும் வாய் திறக்கவில்லை.

அதற்குப் பதிலாக உன்னோடு ஓர் ஒப்பந்தம் செய்தேன். சனிக்கிழமைகளில் நான் உன் வீட்டுக்கு வருவேன், என் கண் முன்னே நீ விரலைக் குத்தவேண்டும். "லீவு நாளிலையும் காட்டேரிக்கு ரத்தப் பசி" என்று முணுமுணுத்துக்கொண்டே கதவைத் திறப்பாய். குத்துவோம், எழுதுவோம். பிறகு இடியப்பமும் சொதியும் வைத்துக்கொண்டு மத்தியானம் மட்டும் கதைப்போம். அந்தச் சனிக்கிழமைகள் இல்லாவிட்டால் அந்த வருடங்களில் என் சீவியத்தில் என்ன இருந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் கிழமைக்கு ஒன்று எந்த மூலைக்குக் காணும்?

ஊரில் சண்டை மறுபடி தொடங்கிப் பாதை மூடியது. பொதி போகவில்லை, தொலைபேசியும் நின்றது. இனியாவது உன் ஸ்ட்ரிப் உனக்கு மிஞ்சும் என்று நான் நினைத்தேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. நீ தொடவில்லை. "பாதை திறந்தவுடனை தேவைப்படும்" என்று அடுக்கி வைத்தாய். பெட்டியில் காலாவதித் திகதி இருக்கிறது என்று சொன்னேன். "சண்டைக்கும் ஒரு திகதி இருக்கும்தானே" என்றாய்.

பனி இளகத் தொடங்கிய ஒரு காலையில், வேலைக்குப் போகும் வழியில், ஸ்டேசன் படியில் உன் இதயம் நின்றது. சீனிக்கும் அதற்கும் தொடர்பிருக்குமா என்று டொக்டரிடம் கேட்டேன். இருக்கலாம் என்றார். அவர் நேர்மையான மனிசர். சனிக்கிழமை தவிர நீ விரல் குத்தியே பார்க்கவில்லை என்பதை அன்றுதான் அவரிடம் சொன்னேன். எட்டாம் நாள் சடங்கு முடிந்து உன் மனிசன் அலுமாரியைத் திறந்து காட்டினார். பதினான்கு பெட்டி ஸ்ட்ரிப். ஒவ்வொன்றிலும் உன் கையெழுத்தில் அந்த ஏழு பேரில் ஒருவரின் பெயர். ஒன்றிலும் உன் பெயர் இல்லை.

சண்டை முடிந்து பல மாதம் கழித்து உன் அண்ணை என்னைத் தேடிப் பிடித்துத் தொலைபேசியில் கதைத்தார். முகாமிலிருந்து வெளியே வந்து உறவுக்காரர் வீட்டில் இருப்பதாகச் சொன்னார். "மெஷின் துலைஞ்சு போச்சுது பிள்ளை. மட்டை இருக்கு. சட்டைப் பொக்கற்றுக்குள்ளை வைச்சுக்கொண்டு ஓடினனான்" என்றார். பதினெட்டாம் வாய்ப்பாட்டை முழுக்க ஒப்பித்தும் காட்டினார். உன் சாவுச் செய்தி அதற்குள் அவருக்கு எட்டியிருந்தது. கடைசியில் கேட்டார்: "எங்களுக்கு இவ்வளவு செய்தவள், தன்ரை சீனியை ஒழுங்காப் பாத்தவளே?"

"ஓம் அண்ணை. ஒரு நாளும் விடாமல் பாத்தவள்" என்றேன். உன் கொப்பியில் நீ எழுதிய பொய்களுக்குக் கீழே என் கணக்கிலும் ஒன்று.

இன்று காலை அந்த பஸ்காரர் கொப்பியை வைத்துவிட்டு, நல்ல பிள்ளையாய்க் கையை மடியில் ஒளித்துக்கொண்டு இருந்தார். முன்பென்றால் ஏன் பார்க்கவில்லை என்று ஏசியிருப்பேன். எழும்பிப் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து கேட்டேன்.

"ஊரிலை ஆருக்கு அனுப்புறியள்?"

அவர் கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அக்காவுக்கு" என்றார். சொன்னதும் கண் கலங்கிவிட்டது, பாவம்.

"நான் டொக்டரிட்டைச் சொல்லத்தான் போறன். ஒளிக்க மாட்டன். உங்களுக்கு வெட்டமாட்டினம், அதை நான் பாக்கிறன். அக்காவுக்கு எப்பிடி அனுப்புறதெண்டு பிறகு ரெண்டு பேருமா இருந்து யோசிப்பம், பதினெட்டாம் வாய்ப்பாடும் எழுதித் தாறன். முதல்லை உங்கடை விரலைத் தாங்கோ."

மெல்லத் தந்தார். சுட்டு விரலில் குத்தினேன். பதிமூன்று தசம் நாலு. பேனையை அவரிடமே கொடுத்து எழுதச் சொன்னேன். எழுதும்போது விரல் பட்டு, அந்த அழகான ஐந்துகளுக்கும் ஆறுகளுக்கும் கீழே சிவப்பாய் ஒரு பொட்டு விழுந்தது. ஐயோ என்று துடைக்கப் போனார். நான் விடவில்லை, எடி.